எரிகோவின் அலங்கமும் அகழ்வாரின் மண்வெட்டியும்

நம் சபைகளின் ஞாயிறு பள்ளிகளிலே தொங்கும் வண்ணப் படங்களுள் எரிகோவின் வீழ்ச்சியைக் காட்டும் படத்துக்கென ஓர் இடம் உண்டு. ஆசாரியர் எக்காளம் ஊதுகின்றனர், மக்கள் ஆர்ப்பரிக்கின்றனர், வானளாவிய கல்மதில் ஒன்று பிளந்து சாய்கிறது. அப்படத்தின் கீழ் நின்று பாடம் சொல்லும் ஆசிரியர், “இது வெறும் கதையன்று, அகழ்வாராய்ச்சியாளர் அந்த அலங்கத்தையே தோண்டி எடுத்துவிட்டனர்” என்று சொல்வதை இன்றும் கேட்கலாம். அருளுரைகளிலும் இக்கூற்று அடிக்கடி வருகிறது. சொல்பவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார். கேட்பவரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்புகின்றனர். ஆனால் அக்கூற்று உண்மையன்று. அது எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வீழ்ந்தது, வீழ்ந்த பின்னும் ஏன் உயிரோடு உலவுகிறது என்பவற்றை ஆராய்வது நமக்கு இன்றியமையாத கடன் என எண்ணுகிறேன்.

இவ்வகைப் பேச்சுக்கெல்லாம் பெருங்களஞ்சியமாக விளங்கிய நூல் ஒன்று உண்டு. ஜெர்மானிய இதழாளர் வெர்னர் கெல்லர் 1955இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஆங்கிலத்தில் வந்தது. பின்னர்ப் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு இலட்சக்கணக்கில் விற்றது. போதகர் பலருடைய நூலடுக்குகளில் விளக்கவுரைகளுக்கு அருகே அது வீற்றிருந்தது. கெல்லர் கதை சொல்லும் திறம் வாய்ந்தவர்; பாலைவனத்துப் புழுதியும் கூடாரத்து விளக்கும் நம் கண்முன் வந்துவிடும். குறை அவருடைய நடையில் இல்லை, தலைப்பில் இருக்கிறது. ஜெர்மானிய மூலத்தின் தலைப்பு, “ஆயினும் திருமறையே சரி” என்னும் பொருள்பட அமைந்தது. வழக்கு முடிந்து தீர்ப்பும் எழுதப்பட்ட பிறகு சாட்சிகளை அழைத்தால் அவர்கள் என்ன சொல்ல முடியும்?

ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். ஆபிரகாமின் ஊராகக் கருதப்படும் ஊர் என்னும் பட்டணத்திலே லெனார்ட் வூலி 1922 முதல் 1934 வரை அகழ்ந்தார். ஆழ்ந்த குழியொன்றில், மனிதர் வாழ்ந்த அடையாளங்களுக்குக் கீழே, எட்டடிக்கும் மேற்பட்ட தூய வண்டல் படிந்திருந்ததைக் கண்டார். அதற்கும் கீழே மீண்டும் மனித வாழ்வின் சுவடுகள் தென்பட்டன. இதுவே நோவாவின் வெள்ளம் என்று 1929இல் செய்தி பரவிற்று. கெல்லரும் அதனைத் தம் நூலில் ஆர்வத்தோடு எடுத்துரைத்தார். ஆனால் கீஷ் நகரத்து வண்டல் ஊர்ப் பட்டணத்து வண்டலுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. ஊருக்கு வெகு அண்மையிலுள்ள எரிதுவிலோ அவ்வண்டலே இல்லை. அடுத்த ஊரைத் தொடாத வெள்ளம் உலகத்தை மூடியது எவ்வாறு? இரு பேராறுகள் பாயும் சமவெளியில் வெள்ளம் பலமுறை வந்தது என்பதற்கே அந்த வண்டல் சாட்சி. அதற்கு மேல் அதனிடம் ஒன்றும் கேட்கலாகாது.

எரிகோவுக்கு வருவோம். யோர்தான் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 250 மீட்டர் கீழே, எலிசாவின் ஊற்று என வழங்கும் நீரூற்றின் அருகே, தெல் எஸ் சுல்தான் என்னும் மேடு இருக்கிறது. பரப்பு சுமார் 4 எக்டேர்; நம் ஊர்க் கண்மாய் ஒன்றுக்குள் அடங்கிவிடும். 1907 முதல் 1909 வரை செல்லின், வாட்சிங்கர் என்னும் இரு ஜெர்மானிய அறிஞர் அங்கே அகழ்ந்தனர். அவர்களுக்குப்பின் 1930 முதல் 1936 வரை ஜான் கார்ஸ்டாங் அகழ்ந்தார். அவருக்குப் பொருளுதவி செய்தவர் சர் சார்ல்ஸ் மார்ஸ்டன் என்னும் தொழிலதிபர்; திருமறையின் வரலாற்று மெய்ம்மையை நிலைநாட்ட வேண்டும் என்னும் ஆவல் மிக்கவர். கார்ஸ்டாங் மேட்டின் விளிம்பில் இரட்டைச் செங்கல் மதிலொன்றைக் கண்டார். அது இடிந்து சரிந்து நெருப்பில் வெந்து கிடந்தது. இதுவே யோசுவாவின் காலத்து அலங்கம், காலம் கி.மு. 1400ஐ ஒட்டியது, என்று அவர் அறிவித்தார். நம் ஞாயிறு பள்ளி ஆசிரியர் சொல்லும் செய்தி இங்கேதான் பிறந்தது.

கார்ஸ்டாங் நேர்மையாளர். தம் முடிவுகளை மறுபடியும் ஆராயுமாறு காத்லீன் கெனியனை அழைத்தவர் அவரே. கெனியன், புதிய ஏற்பாட்டுக் கையெழுத்துப் படிகளை ஆராய்ந்தவரென இறையியல் மாணவர் அறிந்த சர் பிரெடரிக் கெனியனின் மகளார். அவருக்கு அகழும் கலையைக் கற்பித்தவர் மார்ட்டிமர் வீலர். இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்து, 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்து, உரோமப் பாண்ட ஓடுகளைக் கொண்டு அவ்விடத்தின் காலத்தை வரையறுத்த அதே வீலர்தான். மண்ணைச் சதுரங்களாகப் பிரித்து, இடையே வரம்பு விட்டு, வெட்டிய குழியின் பக்கச் சுவரை நூலின் ஏடுகளைப் போல அடுக்கடுக்காகப் படிப்பது அவருடைய முறை. பொருளைக் கண்டெடுப்பதைவிட, அப்பொருள் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதே அம்முறையில் முதன்மையானது. அரிக்கமேட்டிலும் எரிகோவிலும் கையாளப்பட்ட முறை ஒன்றே என்பதை நம் மாணவர் நினைவிற்கொள்வது நலம்.

கெனியன் 1952 முதல் 1958 வரை எரிகோவில் உழைத்தார். மேட்டின் மேற்கு விளிம்பில் உச்சி தொடங்கி அடிப்பாறை வரை அவர் ஆழ்ந்த அகழி வெட்டினார். கார்ஸ்டாங்கின் இரட்டை மதில் ஒரே காலத்ததன்று என்பது அங்கே தெளிவாயிற்று. மதில் பலமுறை இடிந்து பலமுறை கட்டப்பட்டிருந்தது. அவை யாவும் முந்திய வெண்கலக் காலத்தவை, கி.மு. 2300க்கு முன்னே முடிந்துபோனவை. யோசுவாவுக்கும் அம்மதிலுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள்! அதற்குப் பின்னர் எழுந்த நகரம் கி.மு. 1550ஐ ஒட்டி எரிந்தழிந்தது. யோசுவாவின் காலமென அறிஞர் பெரும்பாலோர் கொள்ளும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அங்கே கோட்டை நகரம் இருந்ததற்கு அடையாளமில்லை. கி.மு. 14ஆம் நூற்றாண்டுக்குரிய சிறு குடியிருப்பொன்றின் எச்சமே கிடைத்தது.

இதற்கு மறுப்புகள் எழாமல் இல்லை. மேற்பரப்பு மழையிலும் காற்றிலும் கரைந்துபோயிற்று, ஆதலால் அக்காலத்து நகரம் அழிந்திருக்கலாம் என்பது ஒன்று. அரிப்பு உண்மையே, கெனியனே அதனை ஒப்புக்கொண்டார். ஆனால் கரைந்த நகரத்தின் ஓடுகள் மேட்டின் அடிவாரத்திலாவது கிடக்கவேண்டுமே! பிரையன்ட் வுட் என்பவர் 1990இல் வேறொரு வாதத்தை முன்வைத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த சைப்ரஸ் பாண்டங்கள் இல்லாமையைக் கொண்டே கெனியன் காலத்தை முடிவு செய்தார். அவர் அகழ்ந்ததோ எளியோர் வாழ்ந்த பகுதி. ஆகவே எரிந்த நகரம் கி.மு. 1400க்கே உரியது என்றார். கூர்மையான வாதந்தான். ஆனால் அந்நகரத்தோடு எரிந்து கரிந்த தானிய மணிகளின் கதிர்க்கரி ஆய்வு 1995இல் வெளிவந்தபோது, அது கி.மு. 16ஆம் நூற்றாண்டையே சுட்டியது. வுட்டின் கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் இவ்வாய்வைச் சொல்லாமல் விடுவதுண்டு. அதனை என்னால் பாராட்ட முடியவில்லை.

ஆயியின் நிலை இன்னும் கடினமானது. ஆயி எனப் பெரும்பாலோர் கொள்ளும் எத் தெல் என்னும் மேட்டை 1933 முதல் 1935 வரை ஜூடித் மார்க்கே கிராவுஸ் என்னும் அம்மையார் அகழ்ந்தார். 1964 முதல் ஜோசப் காலவே அப்பணியை மேற்கொண்டார். காலவே அமெரிக்கத் தென்பகுதி பாப்டிஸ்டு இறையியற் கல்லூரியொன்றின் பேராசிரியர். திருமறையைக் குலைக்கும் நோக்கம் அவருக்கு இருந்தது என எவரும் சொல்லமுடியாது. ஆனால் கி.மு. 2400 முதல் கி.மு. 1200 வரை அம்மேடு ஆளற்றுக் கிடந்தது என்றே அவர் கண்டார். யோசுவா பிடிப்பதற்கு அங்கே நகரம் இல்லை. பெத்தேலின் வீழ்ச்சியே ஆயியின் பெயரில் வழங்கியது என ஆல்பிரைட் ஒரு வழி சொன்னார். வேறு மேடுகளில் ஆயியைத் தேடுவோரும் உளர். காலவேயோ தாம் கண்டதைக் கண்டவாறே எழுதினார். தம்மை அனுப்பிய சபையார் கேட்க விரும்பியது வேறு என அறிந்திருந்தும் அவ்வாறு எழுதியதை நான் ஒருவகைச் சாட்சியம் என்றே மதிக்கிறேன்.

இதுவரை சொன்னது இழப்புக் கணக்கு. ஆனால் எரிகோவைப் பற்றி உண்மையிலேயே வியக்கத்தக்க செய்தி இதுவன்று. யோசுவாவின் அலங்கத்தைத் தேடி இறங்கிய கெனியனின் அகழி அடிப்பாறையை நெருங்கியபோது, எவரும் எதிர்பாராத ஒன்றைக் கண்டது. ஏறத்தாழ கி.மு. 8000ஐச் சேர்ந்த கல்மதில். அதன் உட்புறத்தை ஒட்டி எட்டரை மீட்டர் உயரத்துக்கு எழும் வட்டமான கற்கோபுரம். கோபுரத்தின் உள்ளே ஏறிச்செல்ல 22 படிகள். மதிலுக்கு வெளியே பாறையில் வெட்டிய அகழி. இரும்பு இல்லை, செம்பும் இல்லை. மண்பாண்டம் வனையும் கலைகூட அம்மக்கள் அறியாதது. கல்லைக் கல்லால் உடைத்தே பாறையில் அகழி வெட்டியிருக்கின்றனர்! எகிப்தின் பிரமிடுகளுக்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கட்டடம் இது.

முதலில் உழவு, பின்னர் மண்பாண்டம், பின்னர்ச் சிற்றூர், பின்னர் நகரம், மதில், எழுத்து, அரசு என்று நாகரிகம் படிப்படியாக ஏறிவந்தது என்பது அக்காலப் பாடநூல்களின் ஏணி. எரிகோ அந்த ஏணியின் படிகளைக் கலைத்துவிட்டது. பானை செய்யத் தெரியாதவர் கோபுரம் எழுப்பினர். பிற்காலத்தில் துருக்கி நாட்டின் கெபெக்லி தெபேயில் கிளவுஸ் ஷ்மிட் 1995 முதல் அகழ்ந்தபோது, இன்னும் முற்பட்ட காலத்து மாபெரும் கற்றூண்கள், விலங்குருவங்கள் செதுக்கப்பட்டவை, வட்ட வட்டமாக வெளிப்பட்டன. உழவு செழித்தபின் எஞ்சிய பொழுதில் மனிதன் வழிபாட்டுக்கு இடம் கட்டினான் என்று எண்ணியிருந்தோம். கூடி வழிபடுவதற்காகவே அவன் ஓரிடத்தில் தங்கத் தொடங்கினானோ என்னும் வினா இப்போது எழுந்திருக்கிறது. முடிவு இன்னும் எட்டப்படவில்லை. அங்கே மக்கள் குடியிருந்த அடையாளங்களும் பின்னர்க் கிடைத்தன. ஆயினும் சமயத்தை வயிற்றின் பின்னே வரும் வேலையாளாகக் கருதிய எளிய விளக்கம் இனிச் செல்லாது. சமயம் கற்போராகிய நாம் இதனை அல்லவோ முதலில் கவனித்திருக்க வேண்டும்? நாமோ அந்த அகழியின் மேல்விளிம்பிலேயே நின்று, “யோசுவாவின் செங்கல் எங்கே?” என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

இதில் நுட்பமான பாடமொன்றும் அடங்கியுள்ளது. கோபுரமும் மதிலும் பகைவரைத் தடுக்க எழுந்தவை என்றே கெனியன் கருதினார். மதில் என்றால் போர் என்பது எவர்க்கும் இயல்பான எண்ணமே. ஆனால் 1986இல் ஓபர் பார் யோசெப் என்னும் அறிஞர் இதனை மறுத்தார். பகைவரைத் தாக்கும் கோபுரம் மதிலுக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். இதுவோ உள்ளே இருக்கிறது. மதிலும் மேற்குப் புறத்தே, அதாவது மலையிலிருந்து மழைநீரும் சேறும் இறங்கிவரும் திசையிலே காணப்படுகிறது. ஆகவே அது வெள்ளத்தையும் சேற்றையும் தடுக்க எழுப்பிய கரை. கோபுரம் சமயச் சடங்கோடு தொடர்புடையதாகலாம் என்றார். இவ்விளக்கமே முற்றும் சரி என நான் வாதிடவில்லை. ஆனால் எரிகோவில் மதிலைக் கண்டதும் எல்லாரும் படையை ஏன் நினைத்தனர்? யோசுவாவின் கதையைத் தெரியாத ஒருவர் அம்மேட்டை அகழ்ந்திருப்பின் முதலில் என்ன சொல்லியிருப்பார்? கற்காலத்து மதிலைக்கூட நாம் திருமறையின் நிழலில் வைத்தே படித்திருக்கிறோம். நம் தமிழ்த் திருமறையின் ‘அலங்கம்’ என்னும் சொல்லும் கோட்டையையும் கொத்தளத்தையும்தானே மனத்தில் எழுப்புகிறது!

மறுபுறத்தாரும் இக்குற்றத்துக்கு விலக்கல்லர். கானானின் மலைநாட்டில் கி.மு. 1200ஐ ஒட்டிச் சிற்றூர்கள் திடீரெனப் பெருகியதைக் களப்பணிகள் காட்டின. இஸ்ரவேல் பிங்கல்ஸ்டைன் 1988இல் வெளியிட்ட நூல் இவற்றைத் தொகுத்துரைத்தது. மதிலற்ற ஊர்கள், அரண்மனை இல்லை, தானியக் குழிகளும் படிக்கட்டு வயல்களும் உண்டு, பாண்டங்களோ கானானியப் பாண்டங்களின் வழியிலேயே வந்தவை. இஸ்ரவேலரில் பெரும்பகுதியினர் வெளியிலிருந்து படையெடுத்து வந்தவரல்லர், கானான் மண்ணிலேயே தோன்றியவர் என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. இதற்கு முன்னரே, 1962இல் ஜார்ஜ் மெண்டன்ஹாலும், 1979இல் நார்மன் காட்வால்டும், நகர மன்னருக்கு எதிராக உழவர் கிளர்ந்தெழுந்ததே இஸ்ரவேலின் பிறப்பு என்று எழுதியிருந்தனர். விடுதலை இறையியலில் ஈடுபாடு கொண்ட நம்மில் பலர்க்கு இது தேனாய் இனித்தது, எனக்கும் இனித்தது. ஆனால் அம்மலையூர்களின் மண்ணிலே கிளர்ச்சியின் சுவடு எங்கே இருக்கிறது? தானியக்குழி தன்னை வெட்டியவன் கொடுமைக்குத் தப்பி வந்தவனா, மேய்ச்சலை விட்டு உழவுக்கு வந்தவனா என்று சொல்லாது. இடிந்த மதிலில் யோசுவாவைக் கண்டவரும், இடியாத சிற்றூரில் புரட்சியைக் கண்டவரும் செய்த பிழை ஏறத்தாழ ஒன்றே.

மண்வெட்டி எப்போதும் திருமறைக்கு எதிராகவே பேசுகிறது என எண்ணுவதும் தவறு. ஆத்சோர் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் கொடுந்தீயில் அழிந்ததை இகேல் யாதீனின் அகழாய்வு காட்டியது. அத்தீயை மூட்டியவர் யார் என்பதுதான் விவாதம். லாகீசைச் சனகெரிப் கி.மு. 701இல் முற்றுகையிட்டதற்கு மூன்று சாட்சிகள் உண்டு. திருமறை உண்டு, நினிவேயின் அரண்மனைச் சுவரில் செதுக்கிய காட்சிகள் உண்டு, லாகீஸ் மேட்டிலேயே முற்றுகையிட்டோர் எழுப்பிய கற்சரிவு உண்டு. தாவீது கட்டுக்கதையின் தலைவனே எனச் சிலர் உறுதியாகப் பேசத் தொடங்கிய காலத்தில், 1993இல் தாண் நகரத்து மேட்டில் கி.மு. 9ஆம் நூற்றாண்டின் அரமேயக் கல்வெட்டுத் துண்டொன்று கிடைத்தது. அதில் “தாவீதின் வீடு” என்னும் தொடரைப் பெரும்பாலான அறிஞர் படிக்கின்றனர். பகைவன் வெட்டிய கல்லில் அப்பெயர்! ஆனால் தாவீதின் மரபில் அரசர் இருந்தனர் என்பதற்கே அது சாட்சி, கோலியாத்துக்கு அன்று. கல் சொல்வதைக் கேட்டு, சொல்லாததைச் சொல்லவைக்காமல் இருப்பதே இத்துறையில் அரிதான நற்பண்பு.

இனி, இவற்றினும் கடினமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எரிகோவில் யோசுவாவின் காலத்து நகரமே இல்லை என்று கேட்டவுடன் மாணவர் சிலர் பெருமூச்சு விடுகின்றனர். “அப்படியானால் ஆணும் பெண்ணும், இளைஞரும் முதியோரும் வாளுக்கு இரையான அந்தச் சங்காரம் நடைபெறவேயில்லை, தேவன் அதனைக் கட்டளையிடவும் இல்லை” என்று ஆறுதல் கொள்கின்றனர். அந்த ஆறுதலை நான் நம்பவில்லை. கெனியனின் அகழி அந்நகரத்து மக்களைக் காப்பாற்றியிருக்கலாம். யோசுவாவின் ஆறாம் அதிகாரத்தை அழித்துவிடவில்லை. நடந்திராத சங்காரத்தை நடந்ததாகவும், தேவ கட்டளையாகவும் ஒரு சமுதாயம் எழுதி வைத்து, பாடிப் போற்றி, பிள்ளைகளுக்குக் கற்பித்தது என்றால், வினா குறையவில்லை, கூடுகிறது. கானானியரின் கதையைத் தம் காலத்து மக்கள்மீது ஏற்றிச் சொல்லி நிலத்தைப் பறித்தவர் வரலாற்றிலே பலர். அவர்கள் கையில் இருந்தது எரிகோவின் செங்கல் அன்று, அந்த ஏடுதான். சாபத்தீடு என்னும் சொல்லுக்கு விளக்கவுரை எழுதவேண்டியவர் தொல்பொருளாளர் அல்லர். அது நம்முடைய வேலை. அதனை அவர் தலையில் கட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள இயலாது.

ஞாயிறு பள்ளிப் படத்தைக் கழற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கதை கதையாகவே சொல்லப்படட்டும். ராகாபின் சிவப்பு நூல் பிள்ளைகள் மனத்தில் நிற்கட்டும். “தோண்டி எடுத்துவிட்டார்கள்” என்னும் ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிடலாம். பன்னிரண்டு வயதில் அதனை நம்பிய பிள்ளை இருபது வயதில் கல்லூரி நூலகத்தில் கெனியனைப் படிக்கும்போது, மதில் மட்டுமா சாயும்? அவ்வாறு சாய்ந்து, பின் ஆலயத்துக்கே வராமற்போன இளைஞர் ஒருவரை நான் அறிவேன். அவர் என்னிடம் வினவியது யோசுவாவைப் பற்றியன்று. “உங்களுக்கு இது முன்னமே தெரியுமா?” என்பதே அவர் கேட்டது. எனக்குத் தெரிந்திருந்தது.

எரிகோ மேடு 2023இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. திருநாட்டுப் பயணம் செல்லும் நம்மவர் பேருந்திலிருந்து இறங்கி, அலங்கம் எங்கே என்று வழிகாட்டியிடம் கேட்கின்றனர். கெனியனின் அகழியில் அந்தக் கற்கோபுரம் இன்றும் நிற்கிறது. மேலிருந்து எட்டிப் பார்த்தால் படிகளின் வாய் தெரியும்.